நான்காம் படி

தார்த்துவில் பிப்ரவரி.
ரேடியேட்டர்மேல் கையுறைகள் கவிழ்ந்து காய்கின்றன.
எனக்குத் தந்த மடிக்கணினி புதிது,
யாருடைய பழக்கமும் அதில் இன்னும் படியவில்லை.

பெய்ப்சி ஏரியில் பனிக்கட்டி
எந்த இடத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று
மீனவர்கள் துளையிட்டுச் சொல்வதையெல்லாம் சேர்த்து
வரைபடமாக்கும் மென்பொருள்.
அதைக் கட்டி எழுப்ப ஐந்தே படிகளாம்.
"எளிதாக நிறுவலாம்" என்கிறது முதல் வரி.

முதல் படி நடந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதில் திரை ஓடத் தொடங்கியது,
தேநீர் வைக்கப் போனேன்.
திரும்பி வந்தால்
முந்நூறு வரி சிவப்பு.
கடைசி வரி கேட்டது:
அந்த லைப்ரரி எங்கே?
என்னைக் கேட்டால்?

செவ்வாய் முழுக்க
ஒன்றை இறக்கினேன், அது இன்னொன்றைக் கேட்டது.
இன்னொன்று மூன்றாவதைக் கேட்டது.
மூன்றாவதோ
முதலாவது இருந்தால்தான் உள்ளே வருமாம்.
கட்டளைகளைத் தட்டித் தட்டி
என் பெயரையே தவறாகத் தட்டினேன் ஒருமுறை.

புதன் மாலை விர்வேயைக் கூப்பிட்டேன்.
ஆறு குளிர்காலமாக இதைக் கட்டுகிறவள்.
தன் மேசையில் உட்கார்ந்து ஒரே கட்டளை:
பச்சை.
"பார், வருகிறதே."
வருகிறது.
உன்னிடம் வருகிறது, விர்வே.

இரவு பதினொன்று வரை இருவரும் தோண்டினோம்.
கிடைத்தது:
தம்பியின் கல்யாணப் படங்களை அடுக்க
ஏதோ ஒரு நிரல் வேண்டி
என்றோ அவள் போட்டுவைத்த லைப்ரரி.
அதன்மேல் நின்றுகொண்டிருந்தது
ஏரி முழுவதும்.

அவள் சிரிக்கவில்லை.
"எழுத மறக்கவில்லை" என்றாள்,
"இருப்பதே தெரியாது."
காலடியில் இருப்பதைக்
குனிந்து பார்த்து எழுதுகிறவர் யார்?

விடுபட்டதை எழுதினேன்.
அதற்கு முன்பே அழித்தது "எளிதாக" என்ற சொல்லை.
இனி இரவுதோறும் ஓர் வெற்று இயந்திரம்
ஒன்றும் தெரியாத பிள்ளையாய் எழுந்து
எங்கள் எழுத்தை மட்டும் படித்து
எல்லாவற்றையும் கட்டிப்பார்க்கும்.
தடுக்கினால் எங்களை எழுப்பும்.

அத்தோடு விட்டிருக்கலாம்.
ஆனால் படிப்பவர் கையேடு என்று இன்னொன்று இருந்தது.
அச்செடுத்துக்கொண்டு கல்லஸ்தேவுக்குப் பேருந்து ஏறினேன்.
எஸ்தோனியத்தில் ஒரு பிரதி, ருஷ்யத்தில் ஒரு பிரதி.

ஃபெயோக்திஸ்த் மீன் புகைக்கும் கொட்டகையில் இருந்தார்.
கையைத் துடைத்துக்கொண்டு
விரல் வைத்துப் படித்தார்.
படி ஒன்று, சரி. இரண்டு, சரி. மூன்று.
நான்காம் படி:
"பனிக்கட்டியின் தடிமனை உள்ளிடுக."
விரல் அங்கேயே நின்றது.

"எதிலிருந்து?"

எதிலிருந்து என்றால்?

"மேலே வெண்பனி ஒரு சாண் கிடக்கும்.
அதற்குக் கீழே சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்த கட்டி.
அதற்கும் கீழேதான் கறுத்தது, ஆளைத் தாங்குவது.
நான் கறுத்ததை மட்டும் எழுதுகிறேன்.
சவேலி மொத்தத்தையும் எழுதுகிறான்."

மூன்று குளிர்காலத்து வரைபடம்
என் வயிற்றுக்குள் விரிசல் விட்டது.
அடர்நீலம், இளநீலம்,
நான் எடுத்துச் சேர்த்த வண்ணங்கள்.
யாராவது, என்று தொடங்கி
முடிக்க முடியாமல் நின்றேன்.

"ஒருவரும் விழவில்லை" என்றார்.
"உன் படத்தை நம்பி யார் நடந்தது?
இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டேதான் போகிறோம்."
ஒரு புகைத்த மீனைத் தாளில் சுற்றித் தந்தார்,
என் ருஷ்யப் பிரதியின் ஐந்தாம் பக்கம்.

திரும்பும் பேருந்தில் நான்காம் படி
ஏழு வரியாக நீண்டது, ஒரு சிறு படத்தோடு.
எந்த அடுக்கு, எங்கிருந்து எங்கே வரை,
கையுறையோடு அழுத்தும் அளவுக்குப் பெரிய பொத்தான்.
பழைய அளவுகளின்மேல்
"எப்படி அளந்தது என்று தெரியாது"
என்று சாம்பல் பூச விர்வே ஒப்புக்கொண்டாள்.
ஏரியில் பாதி சாம்பலானது.
முன்னைவிட உண்மையாக இருந்தது.

இன்று உக்கு என்றொருவன் வேலைக்குச் சேர்ந்தான்.
வெறும் மடிக்கணினியை அவன் முன் வைத்தேன்,
கையேட்டைத் திறந்துவைத்தேன்,
வாயைத் திறக்கவில்லை.
உதவத் துடித்த கைகளைத்
தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்து
அவன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் படியில் ஒருமுறை நெளிந்தது.
குறித்துக்கொண்டேன்.